காணிக்குள் ரவை, செல், மிதிவெடி கண்டால்: யாழ்ப்பாணத்தவருக்கு முழுமையான வழிகாட்டி

"நனைஞ்சது வெடிக்காது." "கறள் பிடிச்சது வெடிக்காது." "முப்பது வருசம் மண்ணுக்குள்ள கிடந்தது இனி என்ன செய்யப் போகுது?" பற்றைக்காணி வெட்டும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சுகள் காதில் விழும். மூன்றும் பிழை. மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் காலம் போகப் போகச் செத்துப்போவதில்லை. அது எப்போது, எதற்கு வெடிக்கும் என்பதை யாரும் சொல்ல முடியாத நிலைக்குத்தான் போகிறது.

1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குச் சனத்துக்கு இப்போதும் காணிகள் துண்டு துண்டாகவே விடுபடுகின்றன. வெளிநாட்டில் இருப்பவர்கள் பாழடைந்த வளவுகளைத் துப்புரவாக்கி வீடு கட்டுகிறார்கள். முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கம் 2000இலிருந்து 2009 தொடக்கம் வரை முன்னரங்கு ஒரே கோட்டில் நின்றது. அந்த மண்ணிலும் ஆட்கள் தென்னை வைக்கிறார்கள். இந்த வேலைகளில் மண்வெட்டியோ அலவாங்கோ பிடிக்கும் ஒவ்வொருவருக்கும், அவரைக் கூலிக்குக் கூப்பிடும் காணிக்காரருக்கும் இதை எழுதுகிறேன்.

ரவைக்குள் என்ன நடக்கிறது

ஏன் தொடக்கூடாது என்பது விளங்கினால்தான் கை தானாக நிற்கும். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு ரவைக்கு நான்கு பாகம். வெளியே பித்தளைக் கோது, அல்லது அரக்குப் பூசிய உருக்குக் கோது. அதன் அடியில், ஊசி குத்தினால் தீப்பொறி விடும் சின்னத் தொப்பி. கோதுக்குள் உந்துமருந்து. முனையில் சன்னம். உந்துமருந்தின் அடிப்படைப் பொருள் நைட்ரோசெலுலோஸ். அது சும்மா கிடந்தாலும் மெல்ல மெல்லச் சிதையும் சாமான். சிதையும்போது வரும் வாயு அந்தச் சிதைவை இன்னும் விரைவாக்கும். அதைப் பிடித்து வைக்கத்தான் தயாரிக்கும்போதே டைபினைல்அமைன் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். முறையான ஆயுதக் கிடங்குகளில் அந்த நிலைப்படுத்தி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காலத்துக்குக் காலம் சோதிப்பார்கள். சித்திரை வெயிலில் காய்ந்து மார்கழி மழையில் ஊறிய ரவையை யாரும் சோதிக்கவில்லை. சூடு கூடக் கூடச் சிதைவும் கூடும்.

பித்தளைக்கு அமோனியா ஆகாது. மாட்டுச் சலமும் யூரியாவும் விழும் தோட்ட மண்ணில் கிடக்கும் கோதில் மயிரிழை போல வெடிப்பு விழலாம். பிரித்தானியர் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த ரவைகளில் இப்படித்தான் கோதுகள் பிளந்தன, அதற்குக் காரணம் அமோனியா என்பது பின்னர்தான் தெரிய வந்தது. பச்சைக் களிம்பு ஏறிய ரவையை "தேச்சுப் பாப்பம்" என்று கல்லில் உரசுபவர் களிம்பை மட்டும் பார்க்கிறார். வெடிப்பும் அடியில் இருக்கும் தொப்பியும் அவர் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு ஆபத்தான யோசனையும் இருக்கிறது. பழைய ரவையை உடைத்து மருந்தை எடுத்து நாட்டுத் துவக்குக்குப் போடலாம் என்பது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டப்படி தாங்களே ரவை நிரப்பிக் குறிபார்த்துச் சுடும் ஆட்கள் இருக்கிறார்கள். மருந்தைக் கிரேன் கணக்கில், அதிலும் பத்தில் ஒரு கிரேன், அதாவது ஏறக்குறைய 6.5 மில்லிகிராம் பிசகாமல் நிறுப்பார்கள். பேணியில் பெயர்ச்சீட்டுக் கிழிந்து இது இன்ன மருந்து என்று தெரியாமல் போனால் அந்த மருந்தை அவர்கள் பாவிக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு மருந்தும் எரியும் வேகம் வேறு. பிழையான மருந்து துவக்கையே பிளந்து சுடுபவரின் முகத்தில் அடிக்கும். தராசும் அட்டவணையும் வைத்திருப்பவர்களே தொடாத ஒன்றை மண்ணிலிருந்து எடுத்து நாட்டுத் துவக்கில் போடுவது தற்கொலைக்குச் சமம்.

எறிகணையின் கதை இதைவிட மோசம். செல்லின் தலையில் இருக்கும் உருகிக்குள், அதாவது செல்லை வெடிக்க வைக்கும் பொறிக்குள், பல பாதுகாப்புப் பூட்டுகள் உண்டு. சுடும்போது வரும் உதையிலும் சுழற்சியிலும் அவை ஒவ்வொன்றாகத் திறக்கும். விழுந்தும் வெடிக்காத செல் என்றால் பூட்டெல்லாம் திறந்து, கடைசிப் படியில் ஏதோ ஒன்று சிக்கி நிற்கலாம். அந்தச் சிக்கல் மண்வெட்டி தட்டும்போது விடுபடலாம். வெடிப்பூட்டியில் இருக்கும் ஈய அசைட் ஈரத்தோடு செம்பைச் சேர்ந்தால் செப்பு அசைட் உண்டாகலாம். அது உரசலுக்கே வெடிக்கக் கூடிய பொருள். சுடப்படாத செல்லும் பாதுகாப்பானதல்ல. சுட்டதா சுடாததா என்பதை வெளியே பார்த்து நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது.

மிதிவெடியைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் உக்காது. உள்ளே இரும்பு மிகக் குறைவு. மரப்பெட்டியில் செய்தவையும் உண்டு. மரம் உக்கினாலும் உள்ளிருக்கும் மருந்தும் வெடிப்பூட்டியும் மிஞ்சலாம். வடமராட்சி கிழக்கில் மணல் நகரும், மாரி வெள்ளம் மண்ணை இழுத்துப் போகும். போன வருடம் நடந்து போன வழி இந்த வருடமும் அதே வழி என்று நினைக்க வேண்டாம்.

வேலை தொடங்க முன்னர்

முதலில் காணியின் கதையைக் கேளுங்கள். அயலில் கடைசிவரை இருந்தவர் யார், முதலில் திரும்பி வந்தவர் யார் என்று தேடிப் போய்க் கேளுங்கள். இங்கே சென்றி இருந்ததா, பங்கர் வெட்டினார்களா, மண் அணை எந்தப் பக்கம் போனது, யாருடைய மாடாவது வெடித்துச் செத்ததா? மாட்டைப் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். மனிதர் மறந்தாலும் மாடு இழந்தவர் இடத்தை மறக்க மாட்டார்.

அடுத்து கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் இந்தக் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். இலங்கையில் இந்த வேலையைத் தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் ஒருங்கிணைக்கிறது. களத்தில் இராணுவத்தோடு ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகள் வேலை செய்து வந்திருக்கின்றன. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. 2018 யூனிலிருந்து அது இங்கே நடைமுறையில் இருக்கிறது. நாடு முழுவதையும் துப்புரவாக்க 2028 வரை கெடு.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அகற்றிக் கையளித்த காணி என்றால் குறித்த ஓர் ஆழம் வரைக்கும் தேடியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். நடக்கவும் மேலோட்டமாகக் கொத்தவும் அது போதும். கிணறும் மலசலகூடக் குழியும் அத்திவாரமும் அதைவிட ஆழமாகப் போகும். அப்படி வெட்டுவதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள்.

பிறகு வளவின் வாசலில், ஏற்கெனவே ஆட்கள் நடந்து மிதிபட்ட தடத்தில் நின்று கண்ணால் தேடுங்கள். உள்ளே இறங்க வேண்டாம். பழைய காவல்நிலை இருந்த இடம் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். மண்மூட்டை கிழிந்து நாராகப் போன உரப்பைத் துணுக்குகள், முட்கம்பிச் சுருள், பாதி புதைந்த பரல், வரிசையாகத் தறித்த பனங்குற்றிகள், தண்டவாளத் துண்டு, சிலிப்பர்க் கட்டை, நேர்கோட்டில் நீளும் பள்ளம், குவியலாகக் கிடக்கும் வெற்றுக் கோதுகள். இதில் ஒன்று தெரிந்தாலே வேலையை நிறுத்தி அறிவிக்கக் காரணம் இருக்கிறது. சிவப்புப் பூசிய கட்டை, மண்டையோட்டுப் பலகை, நாடா கட்டிய கயிறு என்றால் பேச்சே வேண்டாம். அதைத் தாண்டக்கூடாது, கட்டையைப் பிடுங்கக்கூடாது. வேலிக்கு உதவும் என்று அந்தக் கட்டைகளை எடுத்துப்போவது பின்னால் வருபவரின் காலை எடுப்பதுதான்.

கூலிக்கு வருபவரிடம் நீங்கள் அறிந்ததையெல்லாம் சொல்லிவிடுங்கள். சொன்னால் வேலைக்கு வரமாட்டார் என்று மறைக்கும் காணிக்காரர் இருக்கிறார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நெருப்பு

யாழ்ப்பாணத்தில் காணி துப்புரவு என்றால் கடைசியில் குப்பை கூட்டிக் கொளுத்துவதுதான். ஆட்களுக்குக் காயம் வருவதும் பல தடவை அங்கேதான். மேலே ஒன்றுமில்லை, கீழே ஒரு சாண் ஆழத்தில் ரவைப் பட்டியோ கைக்குண்டோ கிடக்கும். நெருப்பின் சூடு கீழே இறங்கும்.

துவக்குக்கு வெளியே சூட்டில் வெடிக்கும் சாதாரண ரவையின் சன்னம் அவ்வளவு வேகமாகப் போகாது. கோதும் தொப்பியும்தான் துண்டு துண்டாகப் பறக்கும். கண்ணைக் கொண்டுபோக அது தாராளம். கைக்குண்டோ மோட்டார் செல்லோ என்றால் சுற்றி நிற்பவர்களுக்கு உயிர் மிஞ்சாது.

அதனால் சந்தேகமான காணியில் கொளுத்தவே வேண்டாம். வெட்டிய பற்றையை, ஆட்கள் வருடக்கணக்காகப் புழங்கும் இடத்துக்கு இழுத்துக் கொண்டுவந்து, காலப்போக்கில் உக்க விடுங்கள். கொளுத்தியே ஆகவேண்டும் என்றால் முன்னர் பலமுறை கொளுத்திய அதே இடத்தில் கொளுத்தி, எட்டி நில்லுங்கள். கொளுத்தும் நெருப்பில் படபடவென்று சத்தம் கேட்டால் அணைக்கப் போகாதீர்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு விலகிப் போங்கள். நெருப்பு அணைந்த பின்னும் சாம்பலைக் கிளற வேண்டாம்.

பழைய வேலிக்குக் கதியால் போடுவதும் இதே மாதிரித்தான். அலவாங்கால் குத்தும் குத்து முழுப் பலத்தோடு ஒரே புள்ளியில் இறங்கும். எல்லைக் கரைகளில் மிதிவெடி புதைத்திருக்கக் கூடிய பகுதிகளில் இந்த வேலையை விசாரிக்காமல் தொடங்காதீர்கள்.

கண்டுவிட்டீர்கள்: அடுத்த ஐந்து நிமிடம்

கையை எடுங்கள். மண்வெட்டி அதன்மேல் கொத்தி நின்றால் இழுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். உழவு இயந்திரத்திலோ ஜே.சி.பி.யிலோ இருந்தால் நகர்த்தாமல் இன்ஜினை நிறுத்துங்கள். நின்ற இடத்திலேயே நின்று, பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். யாரும் பார்க்க ஓடி வரக்கூடாது. ஆட்கள் கூடுவதே பெரிய ஆபத்து. ஒருவர் கண்டதைப் பத்துப் பேர் சுற்றி நின்று பார்ப்பது நம்மூர்ப் பழக்கம்.

பிறகு காலடியைப் பாருங்கள். வந்த தடம் தெரிகிறதா? தெரிந்தால் அந்த அடிச்சுவட்டிலேயே அடி வைத்துத் திரும்பி வாருங்கள். குறுக்கு வழி வேண்டாம். தடம் தெரியாத புல்லுக்குள் நிற்கிறீர்கள், கண்டது மிதிவெடி என்றால் ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள். ஒரு மிதிவெடி தனியாகப் புதைக்கப்படுவது அரிது. குரல் கொடுத்து ஆட்களை அழையுங்கள், ஆனால் அவர்களையும் உங்களிடம் வரவிடாதீர்கள். பயிற்சி பெற்றவர்கள் வழி எடுத்து வரும்வரை நிற்பது கால் கடுக்கும் வேலைதான். கடுத்த கால் ஆறும்.

வெளியே வந்ததும் அடையாளம் வையுங்கள். பொருளின் பக்கத்தில் தடி நடக்கூடாது, கல் எறியக்கூடாது, வாளியால் மூடக்கூடாது. நீங்கள் வெளியே வந்த இடத்தில் இருக்கும் மரத்தில் கண்ணில் படுகிற நிறத் துணி ஒன்றைக் கட்டுங்கள். பாதைக்குக் குறுக்கே குழையை வெட்டிப் போடுங்கள். ஆள், மாடு எதுவும் போகாமல் ஒருவர் தூரத்தில் காவல் நிற்கட்டும். ரவையோ கைக்குண்டோ என்றால் குறைந்தது 100 மீற்றர், பெரிய எறிகணை அல்லது விமானக் குண்டு என்றால் 300 மீற்றருக்கும் அப்பால், இடையில் சுவரோ மண்மேடோ இருக்கும்படி விலகுங்கள். தொலைபேசி அழைப்பையும் அங்கே போய் எடுங்கள், பொருளின் தலைமாட்டில் நின்று பேச வேண்டாம். கிட்டப் போய்ப் படம் எடுப்பதும் வேண்டாம். நின்ற இடத்திலிருந்து எடுக்க முடிந்தால் ஒன்று போதும்.

அறிவிப்பது

பொலிஸ் அவசர இலக்கம் 119. கிராம சேவையாளரிடமும் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் அமைப்பு வேலை செய்தால் அவர்களின் களப் பொறுப்பாளரிடம் நேரடியாகவும் சொல்லலாம்.

சொல்லப் பயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். "ஏன் உன்ர காணிக்குள்ள வந்தது, யார் புதைச்சது" என்று விசாரணை வரும் என்று பயந்து இரவோடிரவாகக் கிணற்றுக்குள்ளோ பாழ்வளவுக்குள்ளோ எறிந்துவிடுபவர்கள் உண்டு. இத்தனை வருடம் நாங்கள் பட்டதற்கு அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும் சட்டத்தின் பார்வையில் உங்களைச் சிக்க வைப்பது அதை எடுத்து வைத்திருப்பதுதான். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இன்றும் இருக்கின்றன. பயத்தைக் குறைக்க வழி இருக்கிறது. தனியே போகாதீர்கள். கிராம சேவையாளரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ கூட வரட்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வேலை செய்யும்போது கண்டீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சொல்ல வேண்டியது: காணியின் சரியான இடம், வரும் பாதை, எந்த அடையாளம் கட்டியிருக்கிறீர்கள், பொருளின் நிறமும் ஏறத்தாழ நீளமும், அருகில் வீடோ பள்ளிக்கூடமோ இருக்கிறதா என்பது. இன்ன குண்டு என்று பெயர் சொல்லத் தேவையில்லை.

அதன் பின்னர் காத்திருக்க நேரலாம். வழக்கமாகப் பொலிஸார் நீதவானிடம் அனுமதி பெற்று, விசேட அதிரடிப்படையின் குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பிரிவோ இராணுவமோ வந்து அகற்றும். அன்றைக்கே நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாமதம் கண்டு "நாங்களே தூக்கி ஒரு பக்கம் வைப்பம்" என்று யாராவது முன்வந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

கிணறு, பிள்ளைகள், பழைய இரும்பு

இடம்பெயர்ந்து போன வீடுகளின் கிணற்றுக்குள் எதையும் போட்டிருப்பார்கள். இறைத்துத் தூர் வாரும்போது சேற்றுக்குள் கை விட்டுத் துழாவுவது வழக்கம். அந்தக் கிணறுகளில் அது வேண்டாம். தண்ணீர் இறங்கியதும் மேலே நின்று பாருங்கள். உருளையாக, செட்டை உள்ளதாக, பட்டியாக ஏதாவது தெரிந்தால் இறைப்பதை நிறுத்திவிட்டு, கிணற்றை மூடி அறிவியுங்கள். உள்ளே ஆள் இருந்தால் வாளியையோ கயிற்றையோ இழுக்காமல் ஆளை முதலில் மேலே எடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பயமுறுத்தினால் மட்டும் போதாது. துவக்கில் பூட்டிச் சுடும் 40 மில்லிமீற்றர் குண்டு பொன்னிறத் தலையோடு விளையாட்டுச் சாமான் மாதிரியே இருக்கும். பனங்காய் பொறுக்கவும் விளாம்பழம் தேடியும் பற்றைக்குள் போகிற பிள்ளைக்கு அது ஆசையாகத்தான் இருக்கும். "தொடாதை, நில், வந்த வழியால திரும்பி வந்து சொல்லு" என்று ஒரு முறை சொல்லி விட்டுவிடாமல், முற்றத்தில் ஒரு பொருளை வைத்து அடிச்சுவட்டில் திரும்பி வரப் பழக்குங்கள். வந்து சொன்ன பிள்ளையை "ஏன் அங்க போனனீ" என்று அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை சொல்லாது.

பழைய இரும்பு எடுக்கும் வியாபாரிகளுக்கும், செல் வெட்டி மருந்து எடுத்து மீன்பிடிக்க விற்பவர்களுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: கையும் கண்ணும் போனால் எந்தக் காசும் அதைத் திருப்பித் தராது. புதையல் என்று சொல்லிப் பழைய முகாம்களைக் கிண்டுபவர்களுக்கும் அதுவேதான். வீட்டில் ஏற்கெனவே ஏதாவது வைத்திருந்தால், அது வெற்றுக் கோது என்று நீங்கள் நம்பினாலும், இடம் மாற்றாமல் அறிவியுங்கள்.

வெடித்துவிட்டால்

காயப்பட்டவரிடம் ஓடிப் போகாதீர்கள். இதைச் செய்வது கல்நெஞ்சு போலத் தோன்றும். ஆனால் ஓடிப் போனவரும் அடுத்ததை மிதித்தால் தூக்க ஆளில்லை. நின்ற இடத்திலிருந்து பேசுங்கள், அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், அவருடைய சாரத்தையோ சட்டையையோ காயத்தில் வைத்து அவரையே அழுத்தச் சொல்லுங்கள். 1990 இலக்கத்துக்கு அம்புலன்ஸையும் 119இற்குப் பொலிஸையும் அழையுங்கள்.

பாதுகாப்பாகக் கை எட்டும் இடத்தில் ஆள் இருந்தால் துணியை மடித்துக் காயத்தில் முழுப் பலத்தோடு அழுத்துங்கள். கை காலில் இரத்தம் நிற்காமல் பீறினால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டில் படாமல், அகலமான துணியால் கட்டி ஒரு தடியை இடையில் விட்டு இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதி ஆளோடு அனுப்புங்கள். வைத்தியசாலை வரை அதைத் தளர்த்தக் கூடாது. கோப்பித்தூள், சாம்பல், மஞ்சள் எதுவும் வேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்படும், ஆகவே குடிக்கக் கொடுக்காதீர்கள். குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்காதீர்கள்.

எடுத்துப்போன பிறகு

ஒரு செல்லை எடுத்துப்போனதோடு காணி சுத்தமாகிவிடாது. வந்தவர்களிடம் சுற்றியுள்ள இடத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் காணி முழுவதையும் பரிசோதிக்கும்படி கிராம சேவையாளர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை நடந்து பழகிய பகுதியில் மட்டும் வேலையைத் தொடருங்கள். அங்கேயும் கூட்டமாக அல்ல, ஆளுக்கு ஆள் நன்றாக இடைவெளி விட்டு.